எண்ணெய்க்குக் குழாய், குழாய்க்கு எண்ணெய்

1969 செப்டம்பரில் ஜப்பானிலிருந்து வந்த கப்பல்கள் அலாஸ்காவின் வால்டீஸ் துறைமுகத்தில் எஃகுக் குழாய்களை இறக்கத் தொடங்கின. ஒவ்வொன்றும் 48 அங்குல விட்டம். நன்றாகக் குனிந்தால் ஓர் ஆள் உள்ளே நடந்தே போகலாம். எண்ணூறு மைலுக்கு, அதாவது 1,287 கிலோமீட்டருக்குத் தேவையான சரக்கு. சென்னையிலிருந்து மும்பைக்குச் சாலையில் போகும் தூரம் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தப் பருமனில் குழாய் செய்து தர அன்றைய அமெரிக்க ஆலைகளால் முடியவில்லை. அதனால் மூன்று ஜப்பானியக் கம்பெனிகளிடம் சுமார் 10 கோடி டாலருக்கு வாங்கியிருந்தார்கள். சரக்கு வந்துவிட்டது, பதிக்க அனுமதி வரவில்லை. முதல் துண்டு டோன்சினா ஆற்றின் அடியில் இறங்கிய நாள் 1975 மார்ச் 27. இடைப்பட்ட ஐந்தரை ஆண்டும் அவை மழையிலும் பனியிலும் அடுக்கிக் கிடந்தன.

அந்தத் தாமதத்தைப் பற்றி எண்ணெய்க் கம்பெனிகள் புலம்பாத நாளில்லை. டிரான்ஸ்-அலாஸ்கா எண்ணெய்க்குழாயின் கதையைத் திரும்பிப் பார்க்கும்போது எனக்கு வேறு மாதிரித் தோன்றுகிறது. குழாய் வேண்டும் என்றவர்கள் அன்று இரண்டு வாதங்களை வைத்தார்கள். ஒன்று நாட்டின் எரிபொருள் பாதுகாப்பு, இன்னொன்று பொருளாதார லாபம். இரண்டுமே பெரும்பாலும் பலித்தன. பலித்ததற்கு அந்த ஐந்தரை ஆண்டு இழுபறிதான் பாதிக் காரணம் என்பேன்.

1968-ல் வட துருவக் கடலோரத்தில், புரூடோ பே என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது. வட அமெரிக்காவிலேயே அவ்வளவு பெரிய வயல் அதற்கு முன் கிடைத்ததில்லை. எடுக்கக்கூடியது மட்டும் 960 கோடி பீப்பாய் என்று கணக்கிட்டார்கள். அலாஸ்கா மாநிலமாகி அப்போது பத்து வருடம்கூட ஆகவில்லை. மூன்று லட்சம் மக்கள். மீன், மரம், ராணுவ முகாம்கள் தவிர வருமானத்துக்குப் பெரிதாக வழியில்லை. 1969 செப்டம்பர் 10-ம் தேதி ஆங்கரேஜ் நகரில் நடந்த குத்தகை ஏலத்தில் ஒரே நாளில் 90 கோடி டாலர் வந்தது. 1867-ல் ரஷ்யாவிடமிருந்து மொத்த அலாஸ்காவையும் அமெரிக்கா வாங்கிய விலை 72 லட்சம் டாலர்.

பணம் வந்தது, எண்ணெய் வர வழி தெரியவில்லை. அந்தக் கடல் ஆண்டின் பெரும்பகுதி உறைந்து கிடக்கும். எஸ்.எஸ். மன்ஹாட்டன் என்ற ராட்சத டாங்கர் கப்பலுக்குப் பனியுடைக்கும் மூக்கு பொருத்தி, 1969-ல் கனடாவுக்கு வடக்கே வடமேற்குக் கடல்வழியில் அனுப்பிப் பார்த்தார்கள். பனியில் சிக்கிச் சிக்கி, கனடாவின் பனியுடைக்கும் கப்பல் உதவியோடு அது புரூடோ பே போய்ச் சேர்ந்தது. திரும்பும்போது அடையாளத்துக்கு ஒரே ஒரு பீப்பாய் எண்ணெயை ஏற்றிக்கொண்டு வந்தது. இந்த வழி கட்டாது என்று அந்தப் பயணத்திலேயே தெரிந்துபோனது. பன்னிரண்டு எஞ்சின் வைத்த விமானத்தில் ஏற்றலாம் என்று போயிங் ஒரு திட்டம் வரைந்தது. பனிக்கட்டிக்கு அடியில் நீர்மூழ்கி டாங்கர் விடலாம் என்று ஜெனரல் டைனமிக்ஸ் சொன்னது. கனடாவின் மெக்கென்சி பள்ளத்தாக்கு வழியாகக் குழாய் போட்டு நேரே அமெரிக்காவின் நடுப்பகுதிக்கே கொண்டுபோகலாம் என்று சூழல் அமைப்புகள் வாதாடின. கடைசியில் தேறியது தெற்கே வால்டீஸ் வரை குழாய், அங்கிருந்து டாங்கர் கப்பல் என்ற திட்டம். காரணம் எளிது. வால்டீஸ் துறைமுகம் குளிர்காலத்திலும் உறையாது; குழாயின் ஒவ்வோர் அடியும் அமெரிக்க மண்ணிலேயே இருக்கும்.

கம்பெனிகளின் முதல் மதிப்பீடு 90 கோடி டாலர். பெரும்பகுதியை மண்ணில் புதைத்துவிடலாம், மூன்று ஆண்டில் எண்ணெய் ஓடும் என்று நினைத்தார்கள். டெக்ஸாஸிலும் ஓக்லஹோமாவிலும் அப்படித்தான் செய்து பழக்கம். அலாஸ்காவில் மண்ணுக்குக் கீழே பாறைபோல் உறைந்த மண் இருக்கிறது. கோடையிலும் உருகாது. அதன் நடுவே சூடான எண்ணெய்க்குழாயைப் புதைத்தால் என்ன ஆகும் என்று அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறையின் ஆர்தர் லாக்கன்பிரூக் கணக்குப் போட்டு 1970-ல் வெளியிட்டார். 80 டிகிரி செல்சியஸ் சூட்டில் 48 அங்குலக் குழாய் ஓடினால் சில ஆண்டுகளிலேயே அதைச் சுற்றி 20 முதல் 30 அடி விட்டத்துக்கு மண் உருகிவிடும் என்றது அந்தக் கணக்கு. சரிவான இடங்களில் உருகிய சேறு வழுக்கும், குழாய் தொங்கும், வளையும், உடையும். எண்ணெய்க் கம்பெனிகளின் பொறியாளர்கள் யாரும் முட்டாள்கள் அல்லர். ஆனால் ஏலத்தில் கொட்டிய பணத்துக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தபோது அந்தத் தாள்களைப் படிக்க அவர்களுக்குப் பொறுமை இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பொறுமையைக் கோர்ட்டு கற்றுக்கொடுத்தது. 1970 ஜனவரி முதல் தேதி நிக்சன் கையெழுத்திட்ட தேசியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் முதல் பெரிய சோதனை இந்தக் குழாய்தான். அதே ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் தடை விதித்தது. யூகான் ஆற்றங்கரைப் பூர்வகுடிக் கிராமத்தார் தங்கள் நிலத்தின்மேல் உரிமை கேட்டு வழக்குப் போட்டார்கள். அலாஸ்காவின் நிலம் யாருடையது என்ற கேள்வி 1867 முதல் தீராமல் கிடந்தது. குழாய் வந்ததும் அதைத் தீர்த்தே ஆகவேண்டிய நிலை. 1971 டிசம்பரில் நிறைவேறிய சட்டம் பூர்வகுடிகளுக்கு 4.4 கோடி ஏக்கர் நிலமும் 96.25 கோடி டாலரும் கொடுத்தது. பதிலுக்கு மற்ற நிலங்களின்மேல் அவர்களுக்கிருந்த பரம்பரை வேட்டை, மீன்பிடி உரிமைகளை ரத்து செய்தது. நிலத்தைப் பழங்குடிச் சபைகளிடம் கொடுக்காமல் பங்குதாரர் கம்பெனிகளை உருவாக்கி அவற்றிடம் ஒப்படைத்தார்கள். திமிங்கில வேட்டையாடிய குடும்பங்கள் ஒரே நாளில் பங்குதாரர்கள் ஆயின.

1973-ல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதால்தான் இந்தக் குழாய் பிறந்தது என்று பல கட்டுரைகள் எழுதும். தேதிகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அது முழுக்கச் சரியில்லை. சூழல் ஆய்வு போதும், இனி வழக்கு கூடாது என்று சொல்லும் திருத்தம் செனட்டில் வாக்கெடுப்புக்கு வந்தது ஜூலை 17-ம் தேதி. 49-க்கு 49 என்று சமமாக நின்றது. துணைக் குடியரசுத் தலைவர் ஸ்பிரோ ஆக்னியூவின் ஒற்றை ஓட்டு அதை நிறைவேற்றியது. மூன்று மாதத்தில் வரி ஏய்ப்பு வழக்கில் பதவி விலகிய அதே ஆக்னியூதான். எண்ணெய்த் தடை வந்தது அக்டோபரில். பீப்பாய் மூன்று டாலரைச் சுற்றி விற்ற எண்ணெய் சில மாதங்களில் பன்னிரண்டு டாலரைத் தொட்டது. பெட்ரோல் நிலையங்களில் வரிசை நீண்டது. நவம்பர் 16-ல் நிக்சன் குழாய்ச் சட்டத்தில் கையெழுத்திட்டபோது எதிர்த்துப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. கதவைத் திறந்தது அந்த ஒற்றை ஓட்டு. எண்ணெய்த் தடை செய்ததெல்லாம் அதை இழுத்து மூட வந்தவர்களை விலக்கியதுதான்.

அதற்குள் வரைபடம் முழுக்க மாறியிருந்தது. எண்ணூறு மைலில் 420 மைல் தரைக்கு மேலே, எஃகுக் கால்கள்மேல் குழாய் போகும். மொத்தம் 78,000 கால்கள். உறைமண் உருகக்கூடிய இடங்களில் கால்களுக்குள் அம்மோனியா நிரப்பிய குழல்கள். குளிர்காலத்தில் அம்மோனியா மண்ணிலுள்ள சூட்டை வாங்கி ஆவியாகி மேலே ஏறி, உச்சியில் குளிர்ந்து திரும்ப இறங்கும். மின்சாரமே இல்லாமல் மண்ணை உறைநிலையில் வைத்திருக்கும். வெப்பத்தில் நீளவும் குளிரில் சுருங்கவும் இடம் வேண்டும் என்று குழாயை நேராகப் போடாமல் வளைத்து வளைத்துப் போட்டார்கள். கரிபூ மான்கள் கடக்க ஐநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் உயர்த்தியோ புதைத்தோ வழி விட்டார்கள். டெனாலி நிலப்பிளவைக் கடக்கும் இடத்தில் குழாயைக் கால்களோடு பிணைக்காமல் நீண்ட உத்தரங்கள்மேல் சறுக்கும்படி வைத்தார்கள்.

கட்டிய விதமும் ஒரு காவியம்தான், அழுக்கும் சேர்ந்த காவியம். யூகான் ஆற்றிலிருந்து புரூடோ பே வரை 360 மைல் சாலையை 1974-ல் 154 நாளில் போட்டு முடித்தார்கள். 1975 அக்டோபரில் வேலையிலிருந்தவர்கள் 28,000 பேர். வெல்டர்கள் ஓக்லஹோமாவிலிருந்து வந்தார்கள். சம்பளம் ஊரில் கிடைப்பதைப்போல் பல மடங்கு. ஃபேர்பேங்க்ஸ் நகரில் வீட்டு வாடகை எகிறியது, கடைகளில் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை, குடியும் சூதும் பெருகின. 1976-ல் வெல்டிங் எக்ஸ்ரே படங்களில் மோசடி நடந்தது வெளியே வந்தது. 3,955 பற்றவைப்புகள் சந்தேகப் பட்டியலில் சேர்ந்தன. பலவற்றைத் தோண்டி எடுத்துத் திரும்பப் பற்றவைத்தார்கள். கட்டுமானத்தில் 32 பேர் இறந்ததாக அதிகாரபூர்வக் கணக்கு. முடிந்தபோது செலவு 800 கோடி டாலர், முதல் மதிப்பீட்டைப்போல் ஒன்பது மடங்கு. விலைவாசியும் தாமதமும் அதில் ஒரு பங்கு. மற்றது, முதலிலேயே சேர்த்திருக்க வேண்டிய செலவு.

1977 ஜூன் 20-ம் தேதி எண்ணெய் உள்ளே இறங்கியது. ஜூலை 8-ல் எட்டாவது பம்பு நிலையம் வெடித்து ஒரு தொழிலாளி இறந்தார். ஜூலை 28-ல் எண்ணெய் வால்டீஸ் வந்து சேர்ந்தது. ஆகஸ்ட் முதல் தேதி முதல் கப்பல் புறப்பட்டது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல ஓர் எண் போதும். 1988-ல் நாளொன்றுக்கு 20 லட்சம் பீப்பாய். அமெரிக்கா தோண்டிய ஒவ்வொரு நான்கு பீப்பாயிலும் ஒன்று இந்த ஒற்றைக் குழாய் வழியே வந்தது. 1980-களில் ஒபெக் நாடுகளின் விலைப்பிடி தளர்ந்ததற்கு வடகடல், மெக்சிகோ எண்ணெயோடு அலாஸ்கா எண்ணெயும் ஒரு காரணம். போடாமல் விட்டிருந்தால் அந்த 20 லட்சம் பீப்பாயை வெளிநாட்டிலிருந்துதான் வாங்கியிருக்க வேண்டும். எரிபொருள் பாதுகாப்பு என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் அந்த வாதத்துக்குக் கொடுத்த விலையும் விசித்திரமானது. நாட்டின் பாதுகாப்புக்காகப் போட்ட குழாய் என்பதால் அந்த எண்ணெயை வெளிநாட்டுக்கு விற்கக் கூடாது என்று சட்டம் கட்டிப்போட்டது. பக்கத்தில் ஜப்பானும் கொரியாவும் வாங்கக் காத்திருந்தன. மேற்குக் கரையோ தேவைக்கு மேல் எண்ணெயில் மிதந்தது. மிஞ்சியதைப் பனாமா வரை கப்பலில் இறக்கி, அங்கே 1982-ல் போட்ட இன்னொரு குழாயில் குறுக்கே கடத்தி, மறுபடி கப்பலேற்றி டெக்ஸாஸ் பக்கம் கொண்டுபோனார்கள். 1995-ல் கிளின்டன் காலத்தில்தான் அந்தத் தடை நீங்கியது. அரசியல்வாதிக்கு அமெரிக்க எண்ணெய் அமெரிக்காவுக்கே என்ற வரி இனித்திருக்கும். வியாபாரி கணக்கில் அது பதினெட்டு வருட நஷ்டம்.

இன்று அமெரிக்காவின் நிலை தலைகீழ். ஷேல் பாறையிலிருந்து எடுக்கும் எண்ணெயால் அது உலகிலேயே அதிகம் தோண்டும் நாடாகிவிட்டது. நாளொன்றுக்கு 130 லட்சம் பீப்பாய். அதில் அலாஸ்காவின் பங்கு நூற்றுக்கு மூன்று, நான்கு. தேசப் பாதுகாப்பு என்ற பழைய வாதத்தை இன்று அலாஸ்காவின் பெயரால் முழு நாட்டுக்கும் சொன்னால் எடுபடாது. கலிஃபோர்னியாவுக்குச் சொன்னால் கொஞ்சம் எடுபடும். ராக்கி மலைகளைத் தாண்டி அங்கே கச்சா எண்ணெய் கொண்டுபோகும் குழாய் கிடையாது. டெக்ஸாஸில் எண்ணெய் பொங்கி வழிந்தாலும் லாஸ் ஏஞ்சலஸ் ஆலைக்கு ஈராக், பிரேசில், கயானா கப்பல்கள்தான் வருகின்றன. கலிஃபோர்னியா சுத்திகரிக்கும் எண்ணெயில் பாதிக்கு மேல் அயல்நாட்டுச் சரக்கு. குழாய் இருக்கும் ஊருக்கும் இல்லாத ஊருக்கும் ஒரே நாட்டுக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

பொருளாதாரத்தில் அன்றும் இன்றும் எப்படி என்பது அலாஸ்கா வீடுகளிலேயே தெரியும். 1969 ஏலத்தின் 90 கோடி எங்கே போனது என்று தெரியாமலே கரைந்துவிட்டது என்ற கோபம் மக்களுக்கு இருந்தது. அந்தக் கோபத்தில் பிறந்தது நிரந்தர நிதி. 1976-ல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்தி, கனிம ராயல்டியில் குறைந்தது நான்கில் ஒரு பங்கைத் தொடமுடியாத நிதியில் போட வேண்டும் என்றார்கள். 1977-ல் முதலில் போட்டது 7,34,000 டாலர். இன்று அது 8,000 கோடி டாலருக்கு மேல். ஆளுநர் ஜே ஹாமண்டுக்கு அதன் வருமானத்தை மக்களுக்கே பங்காகக் கொடுக்க ஆசை. நீண்ட நாள் குடியிருப்பவருக்குக் கூடுதல் என்ற அவருடைய முதல் திட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது; பிறகு எல்லோருக்கும் சமம் என்றாயிற்று. 1982-ல் குழந்தை முதல் கிழவர் வரை ஆளுக்கு 1,000 டாலர் காசோலை. அதற்கு இரண்டு ஆண்டு முன்பே மாநில வருமான வரியையும் எடுத்துவிட்டிருந்தார்கள்.

2025-ல் அதே பங்குத்தொகை எவ்வளவு தெரியுமா? அதே 1,000 டாலர். வாங்கும் சக்தியில் 1982-ன் ஆயிரத்தில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. நடுவே 2022-ல் மூவாயிரத்தைத் தாண்டியதும் உண்டு. 2016-ல் எண்ணெய் விலை சரிந்தபோது ஆளுநர் பில் வாக்கர் பங்குத்தொகையைப் பாதியாக வெட்டினார். இரண்டு வருடத்தில் தேர்தல் களத்திலிருந்தே விலக நேர்ந்தது. 2018 முதல் நிதியின் வருமானத்தில் ஒரு பகுதி அரசின் செலவுக்கே போகிறது. மாநில கஜானாவுக்கு எண்ணெயைவிட அந்த முதலீட்டு வருமானமே இப்போது பெரிய வரவு. குழாய் சம்பாதித்த பணம் சம்பாதிக்கும் பணத்தில் மாநிலம் ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்கா பங்குத்தொகைக்கா என்ற சண்டை ஒவ்வோர் ஆண்டும் தலைநகர் ஜூனோவில், சட்டமன்றத்தில் நடக்கிறது. வருமான வரியைத் திரும்பக் கொண்டுவரலாம் என்று யாராவது வாயெடுத்தால் அவருடைய அரசியல் அதோடு சரி. எண்ணெய்ப் பணத்தைச் சேமித்ததில் அலாஸ்காவை மெச்சலாம். வரியே கட்டாமல் ஒரு தலைமுறையைப் பழக்கியதை என்னால் மெச்ச முடியவில்லை.

வடகோடி இனுபியாட் மக்களின் கதை வேறு. எண்ணெய் வருவதற்கு முன் அந்தக் கிராமங்களில் குழாய்த் தண்ணீர் இல்லை, கழிவு வாளியில்தான் போனது, உயர்நிலைப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஆயிரம் மைலுக்கு அப்பால் அனுப்ப வேண்டியிருந்தது. 1972-ல் எண்ணெய்க் கம்பெனிகளின் எதிர்ப்பை மீறி அவர்கள் தங்களுக்கென்று உள்ளாட்சி அமைத்துக்கொண்டார்கள். முதல் மேயர் ஈபன் ஹாப்சன். குழாய்க்கும் எண்ணெய்க் கிணறுகளுக்கும் சொத்து வரி போட்டு அந்தப் பணத்தில் பள்ளியும் மருத்துவமனையும் தண்ணீரும் கொண்டுவந்தார்கள். இன்று புதிய எண்ணெய்த் திட்டங்களுக்கு அந்த உள்ளாட்சியும் அங்குள்ள பூர்வகுடிக் கம்பெனியும் ஆதரவு. கிணறுகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நுயிக்சுட் கிராமத்தில் எதிர்ப்புக் குரல் கேட்கிறது. மான் வேட்டை கெடுகிறது, காற்று கெடுகிறது என்கிறார்கள். இரண்டு தரப்பும் இனுபியாட்கள்தான். வெளியூர்க்காரர்கள் தங்களுக்குப் பிடித்த தரப்பை மட்டும் காட்டிப் பேசுவது அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

மான்கள் அழிந்துபோகும் என்று அன்று பயந்தார்கள். குழாயோரத்தில் மேயும் மத்திய ஆர்க்டிக் மந்தையில் 1970-களின் நடுவில் சுமார் 5,000 கரிபூ. 2010-ல் அது 70,000-ஐ நெருங்கியது. ஆதரவாளர்கள் இந்த எண்ணோடு நிறுத்திக்கொள்வார்கள். 2016-க்குள் 22,000 அளவுக்கு இறங்கியதை எதிர்ப்பாளர்கள் சொல்வார்கள்.

நிலத்தில் குழாய் நன்றாகவே தாங்கியது. 1978-ல் யாரோ வெடிவைத்துத் துளைத்ததில் சுமார் 16,000 பீப்பாய் கொட்டியது. 2001-ல் குடிபோதையில் ஒருவர் துப்பாக்கியால் சுட்டதில் ஆறாயிரம் பீப்பாய்க்கு மேல் பீறிட்டது. இரண்டும் மனிதர் செய்த வேலை. 2002 நவம்பர் 3-ல் டெனாலி பிளவில் 7.9 அளவு நிலநடுக்கம். குழாய்க்கு அடியில் பூமி பக்கவாட்டில் பதினான்கு அடி நகர்ந்தது. குழாய் உத்தரங்களில் சறுக்கி நின்றது; ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மூன்று நாளைக்குள் மறுபடி ஓட்டம். 1969-ன் அவசரத் திட்டப்படி புதைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே போதும். கோர்ட்டுக்கு இழுத்தவர்கள் குழாயை நிறுத்த நினைத்தார்கள், கடைசியில் அதைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள்.

கடலில் அப்படி இல்லை. 1989 மார்ச் 24 நள்ளிரவு கடந்து, வால்டீஸில் எண்ணெய் ஏற்றிய எக்ஸான் வால்டீஸ் கப்பல் பிளை பாறைத்திட்டில் மோதி 1.1 கோடி கேலன் கொட்டியது. அவசரத்துக்கென்று இருந்த தோணி பழுதுபார்ப்பில் கிடந்தது. சுமார் 2,000 கிலோமீட்டர் கரை கறுத்தது. 1993-ல் சரிந்த ஹெர்ரிங் மீன்வளம் பழைய நிலைக்கு இன்னும் திரும்பவில்லை. நடுவர் குழு விதித்த 500 கோடி டாலர் தண்டத்தொகையை 2008-ல் உச்ச நீதிமன்றம் 50.75 கோடியாகக் குறைத்தது. கனடா வழியே தரைக்குழாய் போடுங்கள், கப்பல் வேண்டாம் என்று 1970-களில் வாதாடியவர்கள் சொன்ன ஆபத்து இதுவேதான். இன்று கப்பல்களுக்கு இரட்டைச் சுவர் கட்டாயம். எண்ணெய் ஏற்றிய ஒவ்வொரு கப்பலுக்கும் இரண்டு இழுவைக் கப்பல்கள் துணைபோகின்றன. அத்தனையும் விபத்துக்குப் பிறகு வந்தவை.

இப்போதைய தலைவலிக்கு வருவோம். எண்ணெய் குறைந்துவிட்டது. 20 லட்சம் பீப்பாய் ஓடிய குழாயில் இன்று ஓடுவது 4.6 லட்சத்தைச் சுற்றி. 1988-ல் நாலரை நாளில் வால்டீஸ் சேர்ந்த எண்ணெய்க்கு இப்போது பதினெட்டு நாளுக்கு மேல் ஆகிறது. மனிதர் நடப்பதைவிட மெதுவான வேகம். மெதுவாகப் போனால் எண்ணெய் ஆறுகிறது. ஆறினால் அதிலுள்ள மெழுகு குழாயின் சுவரில் படிகிறது, கலந்திருக்கும் தண்ணீர் பிரிந்து அடியில் தங்கிக் குளிர்காலத்தில் பனிக்கட்டியாகப் பார்க்கிறது. அன்று எண்ணெயின் சூடு மண்ணை உருக்கிவிடுமே என்று பயந்தார்கள். இன்று வழியில் எண்ணெயைச் சூடாக்கி அனுப்புகிறார்கள். மெழுகைச் சுரண்ட உள்ளே உருட்டிவிடும் கருவிகளை அடிக்கடி அனுப்ப வேண்டியிருக்கிறது. கட்டிய பதினொரு பம்பு நிலையங்களில் வேலை செய்பவை நான்கு. 2011 ஜனவரியில் முதல் பம்பு நிலையத்தில் கசிவு கண்டு நிறுத்தியபோது, நின்ற எண்ணெய் உறைந்துவிடும் என்ற பயத்தில் கசிவை முழுக்கச் சரிசெய்யும் முன்பே தற்காலிகமாக ஓடவிட்டார்கள்.

நல்ல நாளில் இதை வைத்துச் சம்பாதித்த பிரிட்டிஷ் பெட்ரோலியம் தன் அலாஸ்கா சொத்தையெல்லாம் 560 கோடி டாலருக்கு ஹில்கார்ப் என்ற கம்பெனியிடம் விற்றுவிட்டு 2020-ல் வெளியேறியது. ஓட்டம் குறையக் குறைய ஒவ்வொரு பீப்பாய்மீதும் ஏறும் போக்குவரத்துச் செலவு கூடும், கூடினால் புதுக் கிணறு கட்டுப்படியாகாது, கிணறு இல்லையென்றால் ஓட்டம் இன்னும் குறையும். இந்தச் சுழலுக்கு அஞ்சித்தான் அலாஸ்கா அரசியல்வாதிகள் கட்சி பேதமில்லாமல் புது எண்ணெய் கேட்கிறார்கள். 2023 மார்ச்சில் பைடன் அரசு அனுமதித்த வில்லோ திட்டம் உச்சத்தில் நாளொன்றுக்கு 1,80,000 பீப்பாய் தரும் என்கிறார்கள். பிக்கா வயலிலிருந்து 80,000. ஒரு காலத்தில் எண்ணெய் இருந்ததால் குழாய் தேடினார்கள். இன்று குழாய் இருப்பதால் எண்ணெய் தேடுகிறார்கள். குழாய் போடுவது பற்றிய எந்த லாபக் கணக்கிலும் இந்தப் பின்பாதியையும் எழுதியிருக்க வேண்டும் என்பது என் கட்சி. மூடினால் சும்மா விட்டுவிட்டுப் போகவும் முடியாது. குழாயைப் பிரித்தெடுத்து நிலத்தைச் சீராக்கித் தர வேண்டும் என்று உரிமப் பத்திரத்திலேயே நிபந்தனை உண்டு.

உறைமண்ணும் அன்றைய உறைமண்ணாக இல்லை. 2021-ல் ஃபேர்பேங்க்ஸுக்கு வடக்கே ஒரு சரிவில் மண் இளகிக் கால்கள் சில சாயத் தொடங்கின. மண்ணைக் குளிர்விக்கும் குழல்கள் கூடுதலாக நட வேண்டிவந்தது. காற்றைச் சூடாக்கியதில் இதே குழாயில் வந்த 1,800 கோடிக்கும் மேற்பட்ட பீப்பாய்க்கும் ஒரு பங்குண்டு.

இதற்கிடையில் இன்னொரு எண்ணூறு மைல் குழாய்க்கு அதே பழைய வாதங்கள் கிளம்பியிருக்கின்றன, இந்த முறை இயற்கை வாயுவுக்கு. புரூடோ பே வயலில் எண்ணெயோடு வரும் வாயுவை வெளியே கொண்டுபோக வழியில்லாமல் ஐம்பது ஆண்டாகத் திரும்பப் பூமிக்குள்ளேயே செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். 1977-ல் கார்ட்டர் கனடா வழியே ஒரு பாதையைத் தேர்ந்தெடுத்தார். அதன் அலாஸ்காப் பகுதி காகிதத்தோடு நின்றது. தெற்கே ஆங்கரேஜ் நகரை இத்தனை காலம் சூடாக்கிய குக் வளைகுடா வாயு தீர்ந்துவருகிறது. வடக்கே அளவில்லாமல் வாயு வைத்துக்கொண்டு, அந்த நகரம் கப்பலில் திரவ வாயு இறக்குமதி செய்யத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறது. குழாயின் தேவைக்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

மதிப்பீடு 4,400 கோடி டாலர். வாயுவை உறைநிலைக்குக் கீழே குளிரவைத்து அனுப்புவதாகத் திட்டம், மண் உருகாமல் இருக்க. லாக்கன்பிரூக்கின் கணக்கை இந்த முறை நீதிபதி சொல்லாமலே படித்துவிட்டார்கள். ஆங்கரேஜ் வீடுகளின் தேவை மட்டும் அவ்வளவு பெரிய குழாய்க்குச் சோறு போடாது. ஜப்பானும் கொரியாவும் இருபது ஆண்டுக்கு வாங்குகிறோம் என்று கையெழுத்துப் போட்டால்தான் வங்கிகள் பணம் கொடுக்கும். 1973-ல் எந்த நாடுகளுக்கு எண்ணெய் விற்கக் கூடாது என்று சட்டம் போட்டார்களோ, அதே நாடுகளின் கையெழுத்துக்காக அலாஸ்கா ஆளுநர்கள் டோக்கியோவுக்கும் சியோலுக்கும் விமானம் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.